ஐந்து மேடைகளுக்கு ஒரே ஏவு பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெற்குப் பகுதியில் இயங்கும் எங்கள் மாதிரி ராக்கெட் கழகம் பல ஆண்டுகளாக ஒரே ஒரு மேடையையும் கையடக்கமான ஒரு பொத்தான் பெட்டியையும் வைத்தே சமாளித்து வந்தது. பிறகு, ஐந்து ராக்கெட்டுகளை ஒரே சமயத்தில் மேடையேற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஏவத்தக்க பெட்டி ஒன்றை நாங்களே செய்துகொண்டோம். அதைப் பார்த்த பிற ஊர் ஆர்வலர்களும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து எங்களிடம் வரும் மாணவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

இந்தப் பெட்டி எந்த அளவு ராக்கெட்டுகளுக்கானது?

அட்டைக் குழாய், பால்சா மரச் சிறகு, பிளாஸ்டிக் மூக்கு, கடையில் வாங்கிய, ஒருமுறை மட்டும் எரியும் எரிமருந்து மோட்டார் ஆகியவற்றால் ஆன சிறு ராக்கெட்டுகளுக்கானது. பெரும்பாலும் ஏ முதல் டி வகை வரையிலான மோட்டார்களையே பயன்படுத்துகிறோம் (எழுத்து ஏற ஏற மோட்டாரின் ஆற்றல் கூடும்). குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக மாணவர்கள் 2021 மார்ச்சில் ஓவர்பர்க் சோதனைத் தளத்திலிருந்து ஏவிய கலப்பின ராக்கெட் 17.9 கிலோமீட்டர் உயரம் சென்றது. அதைப் பற்றி வாசித்துவிட்டு எங்களிடம் வரும் பிள்ளைகள் எங்கள் அட்டைக் குழாயைக் கண்டு சற்று ஏமாற்றம் அடைவதுண்டு. முதல் ஏவலோடு அந்த ஏமாற்றம் தீர்ந்துவிடும்.

தீபாவளி வாணத்தைப் போலத் திரியைக் கொளுத்தி ஏவினால் என்ன?

பெற்றோர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். கொளுத்திய திரியைத் திரும்ப அணைக்க இயலாது. கொளுத்தியவர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை மேடையை நோக்கி நடந்தாலும், ஒரு சிறு விமானம் தலைக்குமேல் வந்தாலும், அதை நிறுத்துவதற்கு வழியில்லை. மின்சாரத்தால் பற்றவைக்கும்போது கடைசி நொடி வரை முடிவு நம் விரலில் இருக்கிறது. 1957-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளை எங்கள் கழகமும் பின்பற்றுகிறது. மின்னேவலைக் கட்டாயமாக்கும் அவ்விதிகள், பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தே தீர வேண்டும் என்கின்றன: கழற்றக்கூடிய பாதுகாப்புச் சாவி ஒன்று, விரலை எடுத்தவுடன் தானாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் ஒன்று. இவை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருக்க வேண்டும். அதாவது ஒன்று மட்டும் மூடியிருந்தால் மின்சாரம் ஓடக் கூடாது.

ஒரே மேடையில் ஒவ்வொன்றாக ஏவினால் போதாதா?

நான்கைந்து பேர் இருந்தால் போதும். இருபது மாணவர்கள் வரும் நாளில், ஒவ்வொருவரும் மேடைக்குப் போய், மோட்டாரைப் பற்றவைக்கும் கம்பியில் வயரின் கிளிப்பை மாட்டி, திரும்பி வந்து, களத்தை மூடி, எண்ணி, ஏவி, மறுபடி களத்தைத் திறப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஐந்து மேடைகள் இருந்தால் ஐவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புகிறார்கள். களத்தை ஐந்து முறை திறந்து மூடுவதற்குப் பதிலாக ஒரே முறை திறந்து மூடினால் போதும். நேர மிச்சத்தைவிட, மனிதர்கள் மேடைக்கருகே நடமாடும் தடவைகள் குறைவதையே நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

பேட்டரியை எங்கே வைக்க வேண்டும்: ஏவுபவரின் மேசையிலா, மேடையருகிலா?

மேடையருகில். இதற்கான காரணம் ஓம் விதிக்குள் இருக்கிறது. மோட்டாருக்குள் செருகி, மின்சாரத்தால் சூடேறி அதைப் பற்றவைக்கும் சிறு கம்பியே இக்னைட்டர். நாம் பயன்படுத்தும் சாதாரண இக்னைட்டரின் மின்தடை அரை ஓமுக்கும் ஒரு ஓமுக்கும் இடைப்பட்டது. அது உறுதியாகப் பற்ற ஏறத்தாழ 2 ஆம்பியர் தேவை. மேசை 30 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 60 மீட்டர் வயர் ஆகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 24.5 ஓம் தடை தரும் என்பதால், இந்த 60 மீட்டரே ஒன்றரை ஓமை விழுங்கிவிடும். இக்னைட்டருக்கு 0.7 ஓம், கிளிப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் 0.2 ஓம் என்று சேர்த்தால் மொத்தம் 2.4 ஓம், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் கிடைக்கும். ஒரு மோட்டாருக்கு இது போதுமே என்று தோன்றும்.

மூன்று மோட்டார்களை ஒரே ராக்கெட்டில் கட்டி ஒருசேரப் பற்றவைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். மூன்று இக்னைட்டர்களும் இணையாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 2 ஆம்பியரை ஒட்டியே கிடைக்கிறது. பேட்டரி சற்றுச் சோர்ந்திருந்தால் அதுவும் கிடைக்காது. இரண்டு பற்றி, மூன்றாவது பற்றாமல் போனால் ராக்கெட் கோணிக்கொண்டு கிளம்பும். எங்களுக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது; ராக்கெட் வேலியோரப் புல்லில் விழுந்தது, நல்லவேளையாக முந்திய நாள் மழை பெய்திருந்தது. பேட்டரியை மேடைப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து இக்னைட்டருக்கு இரண்டே மீட்டர் நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால், வயரின் தடை கணக்கில் கொள்ள வேண்டாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நீண்ட கேபிள், ரிலேக்களை (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்சுகளை) இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கிறது.

எல்லோரும் நான்கு அல்லது ஆறு மேடை வைக்கும்போது நீங்கள் ஏன் ஐந்து வைத்தீர்கள்?

ட்ரெய்லர் பிளக்கில் ஏழு முனைகள் இருப்பதால். பக்கி எனும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் ட்ரெய்லர் கட்டுவதற்கான ஏழு முனைப் பிளக்கும், அதற்குரிய ஏழு இழைக் கேபிளும் இந்நாட்டில் எந்த வாகன உதிரிக் கடையிலும் கிடைக்கும். மழையையும் புழுதியையும் தாங்கும். தலைகீழாகச் செருக முடியாது. ஏழு இழைகளில் ஒன்று மேடைப் பேட்டரியின் நேர்மின்னை மேசைக்குக் கொண்டுவருகிறது, இன்னொன்று சாவி வழியாகத் திரும்பிச் சென்று தலைமை ரிலேயை இயக்குகிறது, மிச்சம் ஐந்து இழைகள் ஐந்து மேடைகளுக்கு ஆகின்றன. ஆறு மேடைதான் வேண்டும் என்பவர் வேறு கேபிள் தேட வேண்டும். எங்களுக்கு அந்த ஆசை இல்லை.

உள்ளே இருக்கும் சுற்றைச் சொற்களால் விளக்க முடியுமா?

முடியும். மேடைப் பெட்டியில் 12 வோல்ட் பேட்டரி, அதன் நேர்முனையை ஒட்டி 20 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கப்பால் தலைமை ரிலே. தலைமை ரிலேயிலிருந்து வெளிவரும் தடித்த வயரைப் பொதுத் தடம் என்று அழைக்கிறோம். அந்தத் தடத்திலிருந்து ஐந்து மேடை ரிலேக்கள் கிளை பிரிகின்றன. ஒவ்வொரு ரிலேயும் தன் மேடையின் இக்னைட்டருக்குப் போகிறது, இக்னைட்டரின் மறுமுனை பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. ரிலேக்கள் யாவும் வாகனங்களில் பயன்படும் 30 ஆம்பியர் வகையே. 85, 86, 30, 87 என்று முனைகளில் எண் பொறித்திருப்பதால் மாணவர்களுக்கும் குழப்பம் வருவதில்லை.

மேசைப் பெட்டியில் வலுவான மின்னோட்டமே இல்லை. கேபிளில் வரும் நேர்மின் 2 ஆம்பியர் ஃபியூஸைக் கடந்த பிறகே மேடைப் பெட்டியை விட்டு வெளியேறுகிறது. மேசையில் அது முதலில் சாவியை அடைகிறது. சாவியைத் திருப்பினால் தலைமை ரிலே மூடிப் பொதுத் தடம் உயிர்பெறும். அதே சாவிக்குப் பின்னால் ஏவு பொத்தானும், பொத்தானுக்குப் பின்னால் எந்த மேடை என்று தேர்ந்தெடுக்கும் சுழல் சுவிட்சும் இருக்கின்றன. இத்தகைய ரிலேயின் சுருள் ஒன்று 150 மில்லி ஆம்பியர் அளவே இழுப்பதால் 30 மீட்டர் கேபிளில் இழக்கும் அழுத்தம் அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) ஒன்றை எதிர்த்திசையில் இணைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், ரிலே திறக்கும்போது எழும் அழுத்தத் துடிப்பு மேசையிலுள்ள சுவிட்சுகளின் முனைகளை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் பெட்டி கட்டத் தொடங்கக் கூடாது. ஏவிய பிறகு இரண்டு கிளிப்புகளும் ஒன்றோடொன்று உரசினாலோ, சுடர் தடுக்கும் இரும்புத் தகட்டில் பட்டாலோ, பல பத்து ஆம்பியர் ஒரே கணத்தில் பாயும். ஃபியூஸ் எரிவதற்குள் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒரே அடுக்கு ரிலே மட்டும் உள்ள பெட்டியில், அடுத்த மாணவர் அந்த மேடையில் கிளிப்பை மாட்டுகிற கணமே மோட்டார் பற்றிவிடும். அவருடைய முகம் அப்போது மேடையிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருக்கும்.

தலைமை ரிலே இதற்காகவே இருக்கிறது. மேடை ரிலே ஒட்டிக்கொண்டாலும், சாவி திருப்பப்படாத வரையில் பொதுத் தடத்தில் மின்சாரம் இல்லை. தலைமை ரிலேயே ஒட்டிக்கொண்டால் அதைத் தெரிந்துகொள்ள, பொதுத் தடத்துக்கும் எதிர்முனைக்கும் இடையே 5 வாட் சிவப்பு பல்பு ஒன்றையும் ஒலிப்பான் ஒன்றையும் இணைத்திருக்கிறோம். சாவி மேசையில் இல்லாதபோது அந்தச் சிவப்பு எரிந்தால் ஒருவரும் மேடைக்கருகே போவதில்லை. எனவே பேட்டரியை இணைப்பதுதான் அன்றைய முதல் வேலை. களத்தில் ஒரு ராக்கெட்டும் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுகிறோம்.

இந்த பல்பு இன்னொரு வேலையும் செய்கிறது என்பதைக் கட்டி முடித்த பிறகுதான் உணர்ந்தோம். மேடை ரிலே ஒன்று ஒட்டியிருந்தால், அந்த மேடையின் பச்சை விளக்குக்கு இந்த பல்பு வழியாகவே ஒரு பாதை கிடைத்துவிடுகிறது. ஆகவே இக்னைட்டர் மாட்டாத மேடையில் பச்சை எரிந்தால், முதலில் கிளிப்புகள் உரசவில்லை என்று பாருங்கள். உரசவில்லையென்றால் அந்த ரிலே கெட்டுவிட்டது என்று பொருள்.

பச்சை விளக்கு என்பது என்ன? அது இக்னைட்டரைப் பற்றவைத்துவிடாதா?

இணைப்பு முழுமையாக இருக்கிறதா என்று காட்டும் விளக்கு அது. தலைமை ரிலேயைச் சாராமல், பேட்டரியிலிருந்து 2,200 ஓம் தடை ஒன்றும் பச்சை எல்இடி ஒன்றும் வழியாக இக்னைட்டருக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்புகிறோம். கணக்குப் பார்த்தால் 5 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. எல்இடியே பழுதாகிக் குறுக்காக ஒட்டிக்கொண்டாலும் 6 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. இதே இடத்தில் சிக்கனம் கருதி சாதாரண 5 வாட் பல்பைப் போட்டால் 400 மில்லி ஆம்பியர் வரை பாயும். சாதாரண இக்னைட்டர் அதைத் தாங்கினாலும் தாங்கலாம். குறைந்த மின்னோட்டத்திலேயே பற்றும் ஈ-மேட்ச் வகை தாங்காது. சோதனை விளக்கே ஏவிவிட்ட கதையாகிவிடும்.

பச்சை எரிவதால் இக்னைட்டர் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மோட்டாருக்குள் சரியாக அமராத இக்னைட்டருக்கும் பச்சை எரியும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கிளிப்புகளுக்கும் எரியும்.

எந்தப் பேட்டரி நல்லது?

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, மூடிய ஈய-அமில பேட்டரி. நம் வீடுகளின் வாசல் கேட் மோட்டாருக்குள்ளும் அலாரப் பெட்டிக்குள்ளும் இருப்பது அதுவே. கேட்டிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை மட்டும் கொண்டுவர வேண்டாம். லோட்ஷெடிங் எனும் மின்வெட்டு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அடிமட்டம் வரை வடிந்த பேட்டரிகள், சும்மா அளந்தால் 12.6 வோல்ட் காட்டும்; சுமையேற்றினால் உட்கார்ந்துவிடும். காரின் 55 வாட் முகப்பு விளக்கு பல்பை இணைத்துப் பாருங்கள். பல்பு எரியும்போதே வோல்ட் மீட்டர் 12-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அது கேட்டுக்கும் உதவாது.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மேடைக்குப் போகிறவரின் கழுத்தில். ஏவு அலுவலர் மேசையில் அமர்ந்திருந்தாலும், மாணவர்கள் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கும் வரையில் சாவி அவர்களோடு மேடையருகே இருக்கிறது. கடைசி ஆள் திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்த பின்னரே பெட்டிக்கு உயிர் வரும். அணைந்த நிலையில் மட்டுமே சாவியை உருவ முடிகிற சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். திருப்பிய நிலையிலும் உருவ முடிகிற மலிவான சுவிட்சுகள் சந்தையில் உண்டு, அவை இந்த ஏற்பாட்டையே பொருளற்றதாக்கிவிடும். மாற்றுச் சாவியை வீட்டில் பூட்டி வையுங்கள்.

மேடை வயர்களுக்கு வீட்டு மூன்று முனைப் பிளக்கைப் பயன்படுத்தலாமா?

கூடாது. மலிவாகவும் உறுதியாகவும் இருக்கிறது என்பதற்காகப் பலர் அந்தப் பிளக்கைப் பரிந்துரைக்கிறார்கள். களத்தில் தேநீர்க் கெட்டிலுக்காக ஜெனரேட்டரும் நீட்டிப்புப் பெட்டியும் இருக்கும் நாளில், அறியாத ஒருவர் மேடை வயரை 230 வோல்ட்டில் செருகிவிட அந்த ஒற்றுமையே போதும்.

சுழல் சுவிட்சா, மேடைக்கொரு தனிச் சுவிட்சா?

கழகத்துக்குள் இன்றும் தீராத வழக்கு இது. தனிச் சுவிட்சுகள் இருந்தால் இரண்டு மூன்று ராக்கெட்டுகளை ஒன்றாக ஏவிப் போட்டி வைக்கலாம். இளைஞர்களுக்கு அதுவே பிடிக்கும். நான் சுழல் சுவிட்சின் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு மேடைதான் என்பதைச் சுவிட்சின் அமைப்பே உறுதிசெய்கிறது. இரண்டு ராக்கெட்டுகளில் ஒன்றன் பாராசூட் விரியாமல் போனால், அது எங்கே விழுகிறது என்று கண்களால் தொடரவும் முடிகிறது. பன்னிரண்டு நிலைச் சுவிட்சை வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால், மேடைக்கும் மேடைக்கும் இடையே ஒரு வெற்று நிலை கிடைக்கும்.

ஆர்டுயினோ போன்ற நிரல் எழுதக்கூடிய சிறு கணினிப் பலகை, கம்பியில்லா இணைப்பு முதலியவற்றைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தலைமை ரிலேயின் சாவியை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். அப்பலகையின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சில்லு விழித்தெழும் கணத்தில் அதன் முனைகள் சிறிது நேரம் நம் நிரலுக்குக் கட்டுப்படாமல் இருக்கும். இஎஸ்பி32 சில்லின் சில முனைகளில் அந்நேரத்தில் துடிப்புகளே வெளிப்படும். அந்த முனையில் ரிலே இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. கட்டளை இல்லாதபோது முனையை அணைந்த நிலையில் வைக்கும் கீழிழுக்கும் தடை, சமிக்ஞை அறுந்தவுடன் தானே அணையும் நிரல், இவை இரண்டும் இருந்தாலும், இரும்புச் சாவி ஒன்று மின்பாதையில் நேராக நின்றே ஆக வேண்டும்.

பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையென்றால்?

சாவியை உருவுங்கள். கடைசியாக அழுத்தியதிலிருந்து 60 நொடி காத்திருங்கள். அதன் பிறகே ஒருவர் மட்டும் மேடைக்குப் போகலாம். மற்ற நான்கு மேடைகள் தயாராக இருந்தால், அவற்றை ஏவி முடித்துவிட்டுக் கடைசியில் போவது இன்னும் மேல்.

காரணம் பெரும்பாலும் கிளிப்பில்தான் இருக்கும். நம் கடற்கரை ஊரின் உப்புக் காற்றும் மோட்டார் கக்கும் கரிப்புகையும் சேர்ந்தால், முதலைக் கிளிப்பின் பற்களில் ஒரே மாதத்தில் பச்சைப் படலம் படிந்துவிடும். ஒவ்வொரு ஏவலுக்கு முன்பும் உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். கிளிப்பைச் செலவுப் பொருளாகவே கருதுங்கள். திருகி மாற்றத்தக்கவாறு பொருத்துங்கள்.

எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும்?

டி வகை வரை 5 மீட்டர், அதற்கு மேற்பட்ட மாதிரி மோட்டார்களுக்கு 9 மீட்டர் என்பது விதியின் குறைந்த அளவு. நாங்கள் 30 மீட்டர் கேபிள் போட்டதற்குக் காரணம், ஐந்து மேடைகளையும் ஏவு அலுவலர் தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பதே. மேடைகளுக்கிடையே மூன்று மீட்டர் விட்டிருக்கிறோம்.

எந்த வானிலையில் நிறுத்த வேண்டும்?

காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் விதியே நிறுத்தச் சொல்கிறது. நமக்கு அதைவிடப் பெரிய கவலை குளிர்காலத்து வறட்சி. நட்டாலில் மழை கோடையில் பெய்வதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புல் சருகாக நிற்கும். உள்நாட்டிலிருந்து வெப்பமான பெர்க் காற்று இறங்கும் நாளில் ஒரு பொறி போதும். அருகில் கரும்புத் தோட்டம் இருந்தால் உரிமையாளரின் அனுமதி மட்டும் போதாது. 1998-ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி, வனத் தீச் சட்டத்தின்கீழ் தீ அபாய அளவு உச்சத்தில் உள்ள நாள்களில் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். மற்ற நாள்களிலும் மேடையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, ஈரச் சாக்கும் தண்ணீர்த் தெளிப்பானும் வைத்திருக்கிறோம்.

கோடையில் பிற்பகல் இடி. தரையில் கிடக்கும் 30 மீட்டர் கேபிள் மின்னலின் தூண்டலை வாங்கிக்கொள்ளும் என்பதால், மேகம் திரளும்போதே, முதல் இடிக்குக் காத்திராமல் இக்னைட்டர்களைக் கழற்றிவிடுகிறோம்.

ஏவல் நாளன்று காலையில் பெட்டியை எப்படிச் சோதிப்பது?

ஐந்து மேடைக் கிளிப்புகளிலும் காரின் 21 வாட் திசைகாட்டி பல்புகளை மாட்டுங்கள். சாவியைத் திருப்புங்கள், இந்த ஐந்து பல்புகளில் ஒன்றும் எரியக் கூடாது. சாவியில்லாமல் பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் எரியக் கூடாது. பிறகு இரண்டையும் சேர்த்து, மேடை மேடையாக அழுத்திப் பார்த்தால், தேர்ந்தெடுத்த பல்பு மட்டும் பளிச்சென்று எரிய வேண்டும். இந்தச் சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்விக்கிறோம். ஓம் விதியைப் புத்தகத்தில் படித்தபோது கொட்டாவி விட்டவர்கள்கூட இதில் போட்டியிட்டு வருகிறார்கள்.

எண்ணிக்கையை எந்த மொழியில் சொல்கிறீர்கள்?

தமிழில். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்கள் நாவில் பழகட்டும் என்று பெரியவர்கள் விரும்பினார்கள். தொடக்கத்தில் பத்திலிருந்து எண்ணினோம். ஒருநாள் 'ஏழு' என்று ஒலிபெருக்கியில் சொன்னதை 'ஏவு' என்று கேட்ட ஒரு சிறுவன் பொத்தானை அழுத்திவிட்டான்; ராக்கெட் ஒழுங்காகவே பறந்தது, படம் எடுக்கக் காத்திருந்த அவன் தாத்தாதான் வெறும் புகையைப் படம் பிடித்தார். விதிக்கு 5 நொடி எண்ணிக்கை போதும் என்பதால், அன்று முதல் ஐந்திலிருந்தே தொடங்குகிறோம். நிறுத்த வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் 'நில்' என்று கத்தலாம். அதைக் கேட்டவுடன் ஏவு அலுவலர் சாவியை உருவிவிடுவார்.